வேங்கிக்கால் மெஸ்ஸும் மெக்சிகோ ஃபோண்டாவும்

மெக்சிகோ நாட்டு ஊர்களில் தெருவுக்குத் தெரு இருக்கும் சிறிய சாப்பாட்டுக் கடைக்கு ஃபோண்டா என்று பெயர். மதியம் ஒரு மணி தாண்டியதும் அதன் வாசலில் ஒரு பலகை வந்து நிற்கும். அன்றைக்கு என்ன சூப், என்ன சோறு, என்னென்ன குழம்பு, குடிக்க என்ன, எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று அதில் சாக்பீஸால் எழுதியிருக்கும். உள்ளே ஏழெட்டு மேசைகள், பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பு, சுவரில் குவாதலூப்பே மாதாவின் படம், மூலையில் ஓடிக்கொண்டிருக்கும் டிவி. பக்கத்து அலுவலகத்துக் குமாஸ்தாவும் மெக்கானிக்கும் பள்ளிக்கூட ஆசிரியையும் இடம் கிடைத்த மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வேலைக்குத் திரும்புவார்கள். அகன்ற தொப்பியும் கிதார்ப் பாட்டும் வெளிநாடுகளில் உள்ள மெக்சிகன் உணவகங்களின் அலங்காரம். பேட்டைக் கடையில் அவற்றைத் தேட வேண்டியதில்லை.

திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலிலிருந்து கிளம்பும் பயணிக்கு இந்தக் கடை அந்நியமாகத் தோன்றாது. 1989 செப்டம்பர் 30 அன்று வட ஆற்காடு மாவட்டம் பிரிந்து திருவண்ணாமலை தனி மாவட்டமானது. அதன் ஆட்சியர் அலுவலகம் வேங்கிக்காலில் அமைந்தது. ஆட்சியர் அலுவலகம் இருக்குமிடத்தில் மனு எழுதித் தருபவரும் ஜெராக்ஸ் கடையும் டீக்கடையும் மெஸ்ஸும் சேர்ந்தே வரும். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் செங்கத்திலிருந்தும் போளூரிலிருந்தும் வந்தவாசியிலிருந்தும் பட்டா, முதியோர் ஓய்வூதியம், ஏரி ஆக்கிரமிப்பு என்று மனுவோடு வருகிறவர்களுக்கு மதியம் ஒரு வேளைச் சாப்பாடு வேண்டும். சாம்பார், காரக்குழம்பு, ரசம், மோர், ஒரு பொரியல், ஒரு கூட்டு, அப்பளம் என்று வரிசை முன்கூட்டியே தெரிந்த சாப்பாடு அது. சமைப்பவர் தீர்மானித்ததைச் சாப்பிடுகிறவர் நம்பி உண்கிறார். ஃபோண்டாவும் இதே நம்பிக்கையில்தான் நடக்கிறது. பட்டியலைப் பார்த்து ஆளுக்கொன்று கேட்கும் ஓட்டல் வேறு வகை.

மலையின் தெற்கு அடிவாரத்தில், செங்கம் சாலையில் ரமணாசிரமத்தைச் சுற்றி வேறொரு சாப்பாட்டு உலகம் இருக்கிறது. ரமணர் 1896-ல் திருவண்ணாமலைக்கு வந்தார். பால் பிரண்டன் 1934-ல் வெளியிட்ட நூலுக்குப் பிறகு மேலை நாட்டவரின் வருகை பெருகியது. கார்த்திகை தீபத்தை ஒட்டித் தொடங்கி மாசி வரை நீளும் குளிர்காலத்தில் அங்கே தங்குகிறவர்களுக்காக பாஸ்தா, சாலட், மூலிகைத் தேநீர் தரும் கஃபேக்கள் நடக்கின்றன. மேலை நாட்டு உணவு இவ்வூருக்குப் புதிதல்ல என்பதற்கு அவை சாட்சி. ஆனால் அவை ஆசிரமத்துக்கு வரும் பயணிக்கானவை. பேட்டைக்காரர் தினமும் உண்ணும் இடங்கள் அல்ல.

மெக்சிகன் என்று பெயர் தாங்கிய சாப்பாட்டைத் தேடுகிறவர் இங்கிருந்து சென்னைக்கோ பெங்களூருவுக்கோ போக வேண்டும். சென்னை கதீட்ரல் சாலையில் டான் பெப்பே என்ற உணவகம் பல ஆண்டுகள் இவ்வகை உணவை அறிமுகப்படுத்தியது. டாக்கோ பெல் 2010-ல் பெங்களூருவில் இந்தியாவின் முதல் கடையைத் திறந்தது. 2012-ல் அதே நகரத்தில் தொடங்கிய கலிஃபோர்னியா பரிட்டோ பின்னர் சென்னைக்கும் வந்தது. இவை தருவது பெரும்பாலும் டெக்சஸ், கலிஃபோர்னியா எல்லைப்புறத்தில் உருவான சமையல். கோதுமை மாவில் செய்த பெரிய டோர்ட்டியா, உருகிய மஞ்சள் சீஸ், புளித்த கிரீம், நாச்சோஸ் எல்லாம் அந்த எல்லைப்புறத்தின் சொத்து. நாச்சோஸே 1940-களில் எல்லை நகரமான பியத்ராஸ் நேக்ராஸில் அமெரிக்க விருந்தினருக்காக ஒருவர் அவசரத்துக்குச் செய்து கொடுத்தது. அது தனிச் சிறப்புள்ள சமையல்தான், குறைவாக மதிக்கக் கூடாது. ஆனாலும் அதை மட்டும் உண்டு மெக்சிகோவை அறிந்ததாக நினைப்பது, விமான நிலையத்து மசாலா தோசையை வைத்துத் தமிழ்ச் சமையலை எடைபோடுவதற்குச் சமம்.

வேங்கிக்காலிலிருந்து மெக்சிகோ நகரம் நீண்ட தொலைவு. ஐரோப்பா வழியாகவோ வளைகுடா வழியாகவோ அமெரிக்கா வழியாகவோ இடையில் இறங்கி ஏற வேண்டும். அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஜப்பான் அல்லது ஷெங்கன் நாடுகளின் செல்லுபடியாகும் விசா வைத்திருக்கும் இந்தியருக்குச் சுற்றுலாவுக்கென மெக்சிகோ விசா தனியாகத் தேவைப்படுவதில்லை. கிளம்பும்முன் தூதரகத்தில் ஒருமுறை உறுதிசெய்துகொள்வது நல்லது. நேரம் பதினொன்றரை மணி பின்னால். ஆகவே முதல் சில நாள்களில் பசி நள்ளிரவில் எடுக்கும், மதியச் சாப்பாட்டின்போது கண் சொருகும். நகரம் இருக்கும் உயரம் 2,240 மீட்டர், ஏறக்குறைய உதகமண்டலத்தின் உயரம். அந்த உயரத்தில் தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும். பயறும் பீன்ஸும் வேக நெடுநேரம் பிடிக்கும். ஃபோண்டாவின் அடுப்பில் காலையிலேயே கறுப்பு பீன்ஸ் பானை ஏறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

முக்கியமான சாப்பாடு அங்கே மதியம் இரண்டுக்கும் நான்குக்கும் இடையில். பன்னிரண்டரை மணிக்கே இலை போடும் பழக்கமுள்ளவர் பொறுத்திருக்க வேண்டும். சாப்பாட்டின் பெயர் கொமீதா கொர்ரீதா. முதலில் ஒரு கிண்ணம் சூப் வரும். தக்காளிச் சாற்றில் வேகவைத்த மெல்லிய சேமியா, அல்லது காய்கறியோ பருப்போ போட்டது. அடுத்து ஒரு தட்டில் தக்காளி சேர்த்த சிவந்த சோறு, சில நாள் அதன்மேல் பொரித்த முட்டை. சோறு சூப்புக்குப் பின், குழம்புக்கு முன் தனியாக வருவது தமிழ் வயிற்றுக்குச் சற்று வியப்புதான். சோற்றில் எதையும் ஊற்றிப் பிசைவதில்லை. மூன்றாவதாக வருவது கிசாதோ. சிப்போட்லே மிளகாயும் தக்காளியும் சேர்ந்த கோழிக்கறி, சீஸ் அடைத்து முட்டையில் தோய்த்துப் பொரித்த பெரிய பொப்லானோ மிளகாய், பச்சைச் சாற்றில் பருப்புக்கீரையோடு வேகவைத்த இறைச்சி என்று பலகையில் எழுதியிருப்பதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். கூடவே பீன்ஸ், துணியில் சுற்றிய சூடான டோர்ட்டியாக்கள், பெரிய ஜாடியில் பழச்சாறு கலந்த தண்ணீர், கடைசியில் ஜெல்லியோ பால்சோறோ. பட்டை மணக்கும் அந்தப் பால்சோறு அரிசிப் பாயசத்தின் உறவு. 2020-களில் இத்தனையும் பல பேட்டைகளில் நூறு பெசோவை ஒட்டிய விலைக்குக் கிடைத்தன.

டோர்ட்டியாவைப் பற்றி விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் மெக்சிகோச் சமையல் அதன்மேல்தான் நிற்கிறது. மக்காச்சோளம் சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் தென்மேற்கு மெக்சிகோவின் பால்சாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் தியோசிந்தே என்ற காட்டுப் புல்லிலிருந்து பயிராக்கப்பட்டது. அதை அப்படியே அரைத்து மாவாக்கினால் தட்டையாகத் தட்ட வராது, உதிர்ந்துவிடும். அந்நாட்டுப் பெண்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். காய்ந்த சோளமணியை நீற்றிய சுண்ணாம்பு கரைத்த நீரில் மெதுவாக வேகவைத்து, இரவு முழுக்க அப்படியே ஊறவிடுவார்கள். காலையில் மேல்தோல் வழுவழுவென்று கழன்றுவரும். கழுவி, மெத்தாத்தே என்ற மூன்று கால் அம்மியில் அரைத்தால் பசைத்தன்மையுள்ள மாவு கிடைக்கும். வில்லையாகத் தட்டி, கொமால் என்ற தட்டைக் கல்லில் இருபுறமும் சுட்டால் புல்கா போல உப்பி எழும். இப்படிச் சுண்ணாம்புநீரில் வெந்த சோளத்துக்கு நிக்ஸ்தமால் என்று பெயர். இந்த முறையின் தடயங்கள் கி.மு. 1500 அளவிலேயே குவாத்தமாலாக் கடற்கரைப் பகுதியில் கிடைத்துள்ளன.

சுண்ணாம்பின் வேலை தோலை உரிப்பதோடு முடிவதில்லை. சோளத்திலுள்ள நியாசின் என்ற உயிர்ச்சத்து உடலுக்குக் கிடைக்காத வடிவில் கட்டுண்டு கிடக்கிறது. சுண்ணாம்புநீர் அதை விடுவிக்கிறது, சுண்ணாம்புச் சத்தையும் சேர்க்கிறது. ஸ்பானியர் சோளத்தை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள், இந்த முறையைக் கொண்டுபோகவில்லை. சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளுக்குத் தோல் வெடித்து, வயிறு கெட்டு, புத்தி பேதலிக்கும் பெலாக்ரா நோய் வந்தது. ஸ்பெயினில் காஸ்பர் கசால் என்ற மருத்துவர் 1735-ல் அதைக் கண்டு விவரித்தார். பிறகு இத்தாலியிலும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கத் தென்மாநிலங்களிலும் எத்தனையோ உயிர்களை அந்நோய் கொண்டுபோயிற்று. 1937-ல் நியாசினின் பங்கு தெரியவந்த பிறகே அதன் காரணம் முழுதாக விளங்கியது. எழுத்தறியாத கிராமத்துப் பெண்களின் அடுப்படி அறிவை, விதையோடு சேர்த்துக் கேட்டு வாங்கிப் போகாததற்கு மனித குலம் கொடுத்த விலை இது. உணவு வரலாற்றில் இதைவிட வருத்தமான கதை அதிகம் இல்லை.

தமிழ்நாட்டுக்கும் மக்காச்சோளம் வந்தது, முறை வரவில்லை. பெரம்பலூர்ப் பக்கம் மானாவாரியில் மக்காச்சோளம் மிகுதியாக விளைகிறது. அதில் பெரும்பகுதி நாமக்கல் கோழிப் பண்ணைகளுக்குத் தீவனமாகப் போகிறது. அதே சமயம் நீற்றிய சுண்ணாம்பு தமிழ் வீடுகளில் வெற்றிலைச் செல்லத்துக்குள் எப்போதும் இருந்துவந்திருக்கிறது. சாப்பிட்டு முடித்தபின் வாய்க்குப் போகும் பொருள் இங்கே. அங்கே சாப்பாட்டின் அடித்தளமே அதுதான். இரண்டு பொருளும் கைக்கெட்டிய தூரத்திலேயே இருந்தும் இந்த மண்ணில் ஒன்றோடொன்று சேரவில்லை.

மெக்சிகோ நகரங்களில் இன்று வீட்டில் டோர்ட்டியா தட்டுவோர் குறைவு. தெருவுக்குத் தெரு டோர்ட்டியாக் கடை உண்டு. இயந்திரம் சுட்டுத் தள்ளுவதைக் கிலோக் கணக்கில் வாங்கித் துணியில் சுற்றி எடுத்துப்போக மதியம் வரிசை நிற்கும். வேங்கிக்காலில் மாலை நேரம் இட்லி மாவு வாங்க நிற்கும் கூட்டத்தைப் பார்த்தவருக்கு இதன் பொருளாதாரம் உடனே விளங்கும். நல்ல ஃபோண்டாவுக்கு அடையாளம், அதன் டோர்ட்டியா அன்றைக்குச் சுட்டதா என்பதே. குழம்பு சுமாராக இருந்தாலும் பொறுத்துக்கொள்ளலாம். ஆறிப்போய் ஓரம் வெடித்த டோர்ட்டியா வைக்கும் கடைக்கு மறுமுறை போக வேண்டாம்.

அடுத்தது மிளகாய். மேசையில் உட்கார்ந்ததும் இரண்டு கிண்ணம் சல்சா வரும், ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. பச்சை நிறம் தொமாத்தியோ என்ற காயிலிருந்து வருகிறது. காகிதம் போன்ற உறைக்குள் வளரும் அந்தக் காய், தமிழ்நாட்டு வரப்புகளில் பிள்ளைகள் நெற்றியில் அடித்து உடைத்து விளையாடும் சொடக்குத் தக்காளியின் குடும்பம். சல்சாவை மொல்காஹேத்தே என்ற எரிமலைக் கல் உரலில் அரைப்பது பழைய வழக்கம். அம்மிச் சட்னிக்கும் மிக்சிச் சட்னிக்கும் உள்ள வித்தியாசம் அங்கேயும் உண்டு.

மிளகாயின் தாயகம் மெக்சிகோவும் அதைச் சுற்றிய நிலமும்தான். போர்ச்சுகீசியர் வழியாகப் பதினாறாம் நூற்றாண்டில் இந்தியக் கரைக்கு வந்தது. அதற்குமுன் தமிழ்ச் சமையலின் காரம் முழுக்க மிளகும் திப்பிலியும் இஞ்சியும்தான். அந்தப் பழைய சமையல் மறைந்துவிடவில்லை. திவசச் சமையலில் இன்றும் பல வீடுகளில் மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு சேர்ப்பதில்லை. மிளகும் சீரகமும், பாகற்காயும் வாழைக்காயும் அவரையும் கொண்டே இலை நிறைகிறது. பூரி ஜகந்நாதர் கோயில் மடைப்பள்ளியிலும் இவ்விலக்கு உண்டு. முன்னோருக்குப் படைக்கும் இலை, கப்பல் வருவதற்கு முந்திய இலை. வேங்கிக்கால் மெஸ்ஸில் அன்றாடம் போடும் இலையோ கப்பல் வந்தபிறகு உருவானது. காரக்குழம்பின் சிவப்பும் ரசத்தின் தக்காளியும் பரங்கிக்காய்க் கூட்டும் கொய்யாவும் பப்பாளியும் சப்போட்டாவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. திருவண்ணாமலை மாவட்டத்தின் மானாவாரி நிலத்துக்கே அடையாளமான மணிலாக் கொட்டையும் அந்தக் கண்டத்தின் தெற்கிலிருந்து வந்ததுதான்.

ஆனால் மிளகாயைக் கையாளும் விதத்தில் இரு சமையலும் பிரிகின்றன. தமிழ்ச் சமையலில் வற்றல் மிளகாய் காரத்துக்கு. ராமநாதபுரம் குண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்திருந்தாலும், மளிகைக் கடையில் பெரும்பாலும் குண்டு, நீட்டு என்ற அளவிலேயே பேச்சு முடிந்துவிடும். மெக்சிகோச் சந்தையில் ஆஞ்சோ, குவஹீயோ, பசீயா, சிப்போட்லே என்று வகைக்கொரு குவியல். ஒன்று உலர்திராட்சை போல இனிக்கும், ஒன்று புகை மணக்கும், ஒன்று நிறம் மட்டும் தரும். அவற்றைக் கல்லில் லேசாக வாட்டி, வெந்நீரில் ஊறவைத்து, விழுதாக அரைத்து, குழம்பின் உடம்பாகவே ஆக்குகிறார்கள். காரம் அதற்குப் பிறகுதான். மிளகாயின் ருசி என்றால் காரம் மட்டுமல்ல என்பதைத் தமிழ் நாக்கு அங்கேதான் கற்கும். இதன் உச்சம் புவெப்லா நகரத்து மோலே. பல வகை வற்றல், எள், மணிலாக் கொட்டை, பட்டை, கிராம்பு, கறுகச் சுட்ட டோர்ட்டியா, சிறிது சாக்லேட் எல்லாம் தனித்தனியே வறுத்து அரைத்துக் கொதிக்கவைத்த கரும்பழுப்புக் குழம்பு அது. 1962 முதல் 1968 வரை தில்லியில் மெக்சிகோவின் தூதராக இருந்த கவிஞர் ஒக்தாவியோ பாஸ், இந்தியா பற்றிய தம் நூலில் மோலேயையும் இந்தியக் கறியையும் ஒப்பிட்டு எழுதியிருக்கிறார். மசாலா வறுபடும் வாசனையில் வளர்ந்த எவருக்கும் அந்த ஒப்பீடு இயல்பாகவே தோன்றும்.

போக்குவரத்து ஒருவழியாக இருக்கவில்லை. 1565 முதல் 1815 வரை மணிலாவுக்கும் அகபுல்கோவுக்கும் இடையே ஸ்பானியக் கப்பல்கள் பசிபிக்கைக் கடந்தன. ஆசிய மாம்பழம் அவ்வழியில் போயிற்று. மெக்சிகோவில் இன்றும் ஒரு மாம்பழத்துக்கு மணிலா என்றே பெயர். புளியும் அங்கே வேரூன்றி, புளியை ஊறவைத்துச் சர்க்கரை கலந்த பானமாக ஃபோண்டாவின் ஜாடியில் நிற்கிறது. பானகம் குடித்தவருக்கு அதன் ருசியை விளக்க வேண்டியதில்லை. எலுமிச்சையும் கொத்தமல்லியும் பழைய உலகத்திலிருந்து போனவை. இலங்கையின் கறுவாப்பட்டையை மிக அதிகமாக வாங்கும் நாடு மெக்சிகோ. பானையில் காய்ச்சும் காப்பி, அரிசி ஊறவைத்து அரைத்த ஓர்ச்சாத்தா பானம், பால்சோறு மூன்றிலும் அந்தப் பட்டை மணக்கிறது. தெருவில் இறங்கினால் ஒற்றுமை இன்னும் கூடும். மாங்காய்க் கீற்றிலும் கொய்யாவிலும் உப்பும் மிளகாய்த்தூளும் தூவி விற்பதில் திருவண்ணாமலை வண்டிக்கடைக்கும் மெக்சிகோ வண்டிக்கடைக்கும் வேறுபாடு காண்பது கடினம்.

ஃபோண்டாக்கள் பல, சந்தைக் கட்டடங்களுக்குள்ளேயே இருக்கின்றன. உயர்ந்த முக்காலிகளில் அமர்ந்து, சமைப்பவரைப் பார்த்தபடியே சாப்பிடலாம். பயணிக்கு முதலில் பரிந்துரைக்க வேண்டியவை இவைதான். காய் இருபதடி தூரத்திலிருந்து வருகிறது, கூட்டம் நிற்காமல் நகர்வதால் எதுவும் பழையதாகத் தங்குவதில்லை. பக்கத்திலேயே பூக்கடை வரிசை இருக்கும். அண்ணாமலையார் கோயில் மாலைகளில் மணக்கும் சம்பங்கியும், ஆயுத பூஜைக்கு மலையாகக் குவியும் துலுக்கச் சாமந்தியும் மெக்சிகோவின் பூர்வீகப் பூக்கள். நவம்பர் 1, 2 தேதிகளில் இறந்தோரை வரவேற்கும் திருநாளுக்கு வீடுகளில் படையல் வைத்து, இதே சாமந்தி இதழ்களை வாசலிலிருந்து தூவி அவர்களுக்கு வழி காட்டுகிறார்கள்.

சைவம் உண்போருக்குச் சில எச்சரிக்கைகள் அவசியம். பீன்ஸைப் பன்றிக் கொழுப்பில் தாளிப்பது வழக்கம். சிவப்புச் சோறு பலமுறை கோழி வேகவைத்த நீரில் சமைக்கப்படும். மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் சாதாரணம். பலகையில் பெயர் இல்லை என்பதற்காகக் குழம்பில் இறைச்சி இல்லை என்று எண்ணக் கூடாது. 'சின் கார்னே' என்றால் இறைச்சி வேண்டாம், 'சின் மந்தேக்கா' என்றால் கொழுப்பு வேண்டாம். இரண்டையும் சொல்ல வேண்டும், 'கோழியும் வேண்டாம்' என்று தனியாகவும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கார்னே என்றால் பலருக்கு மாட்டிறைச்சி மட்டுமே. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் போனால் இறைச்சியில்லாத பண்டங்கள் கூடுதலாகக் கிடைக்கும். மற்ற நாள்களிலும் கேட்டு வாங்கத் தக்கவை உண்டு. பரங்கிப்பூவை வதக்கி டோர்ட்டியாவில் மடித்த கேசடியா அதில் முதன்மையானது. மார்கழிக் கோலத்தில் சாணியில் செருகும் அதே பூவை உணவாகக் காண்பது ஒரு தனி மகிழ்ச்சி. மெக்சிகோ நகரத்தில் கேசடியாவுக்குச் சீஸ் வேண்டுமென்றால் அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், இல்லையேல் சீஸ் இல்லாமலே வரும்.

சப்பாத்திக்கள்ளி மடலும் அங்கே காய்கறிதான். முள் சீவி, நறுக்கி, வதக்கினால் வெண்டைக்காயின் வழவழப்போடு இளம்புளிப்பாக இருக்கும். தமிழ்நாட்டில் அது பெரும்பாலும் வேலிச்செடியாகவே அறியப்பட்டது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன், சிவப்புச் சாயம் தரும் கொச்சினீல் பூச்சியை வளர்க்கச் சென்னை சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார். சாயத் தொழில் வேர்பிடிக்கவில்லை, கள்ளி பிடித்துக்கொண்டது. தென்னிந்தியப் புன்செய்க் காடுகளெங்கும் பரவிய அதை ஒடுக்க 1920-களில் வேறொரு பூச்சியைக் கொண்டுவர வேண்டியிருந்தது. பஞ்சக் காலங்களில் கள்ளிப்பழம் தின்ற நினைவு கிராமங்களில் உண்டு. மடலை யாரும் சமைக்கவில்லை.

இரவில் ஃபோண்டா மூடியிருக்கும். அப்போது டாக்கோக் கடைகளின் நேரம். உள்ளங்கை அகல டோர்ட்டியாவில் கறியை வைத்து, வெங்காயமும் கொத்தமல்லியும் தூவி, எலுமிச்சை பிழிந்து, நின்றபடியே கையால் சாப்பிடுவது. சுழலும் கம்பியில் அடுக்கிய பன்றிக்கறியைச் சீவித் தரும் அல் பாஸ்தோர் டாக்கோ, லெபனானிலிருந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த ஷவர்மாவிலிருந்து பிறந்தது. 2024-ல் மிச்செலின் வழிகாட்டி முதன்முறையாக மெக்சிகோவை மதிப்பிட்டபோது, சான் ரஃபேல் பேட்டையில் 1968 முதல் நடக்கும் எல் கலீஃபா டெ லியோன் என்ற மிகச் சிறிய டாக்கோக் கடைக்கு ஒரு நட்சத்திரம் கொடுத்தது. அங்கே உட்கார நாற்காலி கிடையாது, பட்டியலில் நான்கே டாக்கோ. நாட்டின் பாரம்பரியச் சமையல் 2010-லேயே யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. பேட்டைக் கடைக்கு அந்தப் பெருமையில் உரிய பங்கு கிடைக்கப் பிறகும் பதினான்கு ஆண்டுகள் ஆயின.

கடையில் நடந்துகொள்ளும் முறை எளிது. உள்ளே வரும்போதும் எழுந்து போகும்போதும், அறிமுகமில்லாத மேசைக்காரருக்கும் 'ப்ரொவேச்சோ' என்று சொல்வார்கள். நல்லபடியாகச் சாப்பிடுங்கள் என்ற வாழ்த்து அது. பதிலுக்கு 'கிராசியாஸ்' சொன்னால் போதும். டாக்கோவையும் டோர்ட்டியாவையும் கையால் உண்பது முறை, இடக்கை வலக்கை என்ற பேதம் இல்லை. பில்லைக் கேட்காமல் கொண்டுவர மாட்டார்கள், கேட்குமுன் வைப்பது விருந்தினரை எழுப்பிவிடுவதாகக் கருதப்படும். வேங்கிக்கால் மெஸ்ஸில் மதிய நெரிசலில் இலையை மடித்ததும் அடுத்தவருக்கு இடம் விட்டு எழுவதே மரியாதை. ஃபோண்டாவில் சாப்பிட்டபின் பேசிக்கொண்டிருப்பதும் சாப்பாட்டின் பகுதி. பத்து சதவீதம் அளவு டிப்ஸ் வைப்பது வழக்கம்.

இந்தியரும் மெக்சிகரும் ஒரே அடுப்பில் சமைத்த வரலாறும் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவுக்கு உழவு வேலைக்குப் போன பஞ்சாபி ஆண்கள், குடியேற்றச் சட்டங்கள் ஊரிலிருந்து மனைவியரை வரவழைக்க இடம் தராததால், மெக்சிகப் பெண்களை மணந்தார்கள். அந்தக் குடும்பங்களில் சப்பாத்தியும் டோர்ட்டியாவும் ஒரே கல்லில் வெந்தன. யூபா சிட்டியில் அத்தகைய ரசூல் குடும்பம் 1954-ல் தொடங்கிய எல் ராஞ்செரோ உணவகம், ரொட்டியில் சீஸ் வைத்து மடித்த கேசடியாவை 1993 வரை பரிமாறியது. மெக்சிகோவிலேயே வாழ்ந்தவர் பாண்டுரங்க கான்கோஜே. கதர் (Ghadar) இயக்கத்தைச் சேர்ந்த இந்தப் புரட்சிக்காரர் 1920-களில் அங்கே புகலடைந்து, சாப்பிங்கோ வேளாண் பள்ளியில் ஆசிரியராகி, மக்காச்சோள ஆய்வில் உழைத்தார். ஓவியர் டியேகோ ரிவேரா அவருடைய நண்பர்.

ஊர் திரும்பியபின் வேங்கிக்கால் வீட்டில் டோர்ட்டியா செய்வதற்குத் தேவையானவை எளிதில் கிடைக்கும். இனிப்புச் சோளம் உதவாது, முற்றிக் காய்ந்த மக்காச்சோள மணி வேண்டும், அதுவும் விதைநேர்த்தி மருந்து கலக்காததாக. அரைக் கிலோவுக்கு ஏறக்குறைய ஐந்து கிராம் வெற்றிலைச் சுண்ணாம்பை ஒன்றரை லிட்டர் நீரில் கரைத்து, அலுமினியம் அல்லாத பாத்திரத்தில் அரை மணி நேரத்துக்குமேல் சிறு தீயில் வேகவைக்க வேண்டும். நீற்றாத சுண்ணாம்புக் கல்லைப் பயன்படுத்தக் கூடாது, அது கையையும் கண்ணையும் சுட்டுவிடும். மணி உள்ளே சற்று விறைப்பாக இருக்கும்போதே இறக்கி, இரவு முழுக்க மூடி வைக்கலாம். காலையில் மூன்று நான்கு முறை தேய்த்துக் கழுவி, கிரைண்டரில் தண்ணீர் மிகக் குறைவாகத் தெளித்துக் கெட்டியாக அரைக்க வேண்டும். எலுமிச்சை அளவு உருண்டைகளை இரண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவே வைத்துத் தட்டையான பாத்திரத்தால் அழுத்தி, எண்ணெய் தடவாத சூடான தோசைக்கல்லில் இருமுறை திருப்பிப் போட்டால் இரண்டாவது திருப்பலில் உப்பும். சுட்டவற்றைத் துணியில் சுற்றிப் பத்து நிமிடம் வைத்தால் மென்மையாகும். வதக்கிய பரங்கிப்பூ, கறுப்பு பீன்ஸ் கிடைக்காவிட்டால் காராமணி, தாண்டிக்குடிப் பக்கம் விளையும் பட்டர் ஃப்ரூட்டை உப்பும் எலுமிச்சையும் சேர்த்து மசித்தது, சுட்ட தக்காளியும் பச்சை மிளகாயும் சேர்த்து அம்மியில் அரைத்த சல்சா ஆகியவை அதற்குப் பொருந்தும். மாவு அன்றைக்கே தீர வேண்டும், இட்லி மாவைப் போல அதை மறுநாளுக்கு எடுத்துவைக்க முடியாது.